தெளிந்த தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் சிரம்பானுக்கு வெளியே குரோமிய முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில், கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்த்தேன். முலாம் தொட்டியிலிருந்து அமிலப் புகை கிளம்பாமலிருக்க ஃபுளோரின் கலந்த ஒரு மருந்தை ஊற்றுவார்கள். அதனால் தண்ணீர் நுரைத்துக்கொண்டே இருக்கும். கழிவுநீரில் இரும்புத் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் குரோமியத்தின் மஞ்சள் நிறம் போய்க் கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை ஓடையில் விடுவோம்.

அந்த வருஷம் மழையே இல்லை. ஓடையின் கீழ்ப்பக்க எஸ்டேட்டில் இருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. குழாயில் தண்ணீர் வராததால் ஓடைக்கு வந்திருந்தாள். வெள்ளையாகத் திரண்டிருந்த நுரையைக் கையால் ஒதுக்கிவிட்டு வாளியில் மொண்டாள்.

“அக்கா, எடுக்காத!” என்று கத்தினேன்.

“ஏன்டி? சவுக்கார நுரைதான்லா. காய்ச்சித்தான் குடிக்கிறோம்.”

அது எங்கள் தொழிற்சாலை மருந்தின் நுரை, காய்ச்சினாலும் போகாது என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு வாரமா குடிக்கிறேனேடி...”

வாளியை எடுத்துக் கரையில் கவிழ்த்தேன். அன்றிலிருந்து அத்தான் பக்கத்து ஊரான ராசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் எங்கள் சீன இன்ஜினியரிடம் சொன்னேன். நாங்கள் சுத்தம் செய்த தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் குலுக்கினார். நுரை அப்படியே நின்றது. மருந்து போகவில்லை என்று அதிலேயே தெரிந்தது. மின்சாரத்தைக் கூட்டினார், நுரை குறையவில்லை. மருந்தைச் சிதைக்குமா என்று பார்க்க ஈய ஆக்சைடு பூசிய தகட்டை மாட்டி, காலையிலிருந்து மாலைவரை ஓடவிட்டார். ஒரு வாளித் தண்ணீரில் நுரை கொஞ்சம் இறங்கியது. மின்கம்பி சூடேறிக் காந்தல் நாற்றம் அடித்தது.

“ஒரு வாளிக்கே இவ்ளோ பாடு. தொட்டி தொட்டியா வருதே, எப்டி செய்றது?” என்று மலாயில் கேட்டார். அவரும் பயந்திருந்தது குரலில் தெரிந்தது.

ஓடைக்குப் போகும் வால்வை அவரே மூடினார். கழிவுநீரைப் பீப்பாய்களில் நிரப்பினோம். மேனேஜர் கத்தினார். மருந்தை நிறுத்திப் பார்த்தபோது முலாம் கூடத்தில் புகை ஏறி, ஆட்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். மறுபடியும் ஊற்றினார்கள். பீப்பாய்களை ஒரு லாரி ஏற்றிப்போனது. எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. “வாங்கிக்கடி” என்று நீட்டினாள். அந்தத் தண்ணீரை ஓடையில் விட்ட கை என்று நான் வாங்கவில்லை. கட்டிலோரம் நின்று, பிள்ளை மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.