நான் வாசித்த காலை ஜெபம்

ராணிப்பேட்டையில் பாலாற்றங்கரைப் பங்களா ஒன்றில் என் அம்மா வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தாள். வேலூர் மிஷன் பள்ளியில் கடைசி வகுப்பு தேறி நான் வந்து நின்றபோது, எங்கள் வம்சத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காத முதல் ஆள் நான்தான். ஆசிரியைப் பயிற்சிக்குப் போக துரைசானியின் கடிதம் வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வீட்டிலேயே சின்ன ஆயா வேலை.

அங்கே தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் குடும்பமும் வேலைக்காரர்களும் சாப்பாட்டு அறையில் கூடுவார்கள். துரை முதலில் ஆங்கிலத்தில் ஜெபம் வாசிப்பார்; பிறகு எங்களுக்காகத் தமிழில். பள்ளி விடுதியிலேயே வளர்ந்த நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"நாளைக்கி தமிழ் நீ படி," என்றாள் துரைசானி. "நல்லா படிச்சா லெட்டர்."

மறுநாள் விடிவதற்குள் மூன்று முறை தலை சீவிக்கொண்டேன். மேசைமேல் வெள்ளை விரிப்பு, முட்டை வைக்கும் குட்டிக் கிண்ணங்கள், சூடு ஆறாமலிருக்கத் தேநீர்க் கெண்டிக்குத் தைத்துப் போட்ட பஞ்சுத் தொப்பி. கெண்டிக்குக்கூடத் தொப்பி போடும் வீட்டில் நான் வாசிக்கப் போகிறேன்.

"டீச்சரம்மா, சுருக்கா முடி. ரொட்டி அடுப்புல கீது," என்று சமையற்காரர் காதோடு சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

வேதபாகத்தை ஒரு தடங்கலுமில்லாமல் வாசித்தேன். என் குரல் கூரைவரை போய் வந்தது. "ஜெபம் செய்வோம்" என்றேன். உடனே துரை, துரைசானி, மூன்று பிள்ளைகள் எல்லோரும் எழுந்து, திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி, தங்கள் தங்கள் நாற்காலிமேல் முகத்தைப் புதைத்து மண்டியிட்டார்கள்.

என் வாசிப்பு கேட்கச் சகிக்கவில்லை போலும். கடிதம் போயிற்று. புத்தகத்தை மூடிவிட்டேன்.

பாயில் எங்கள் ஆட்கள், தேவாலயத்தில் செய்வதுபோல், என்னைப் பார்த்தபடியே முழங்காலிட்டிருந்தார்கள். அம்மா பல்லைக் கடித்தாள்.

"ஏண்டி நிறுத்திட்ட? அவங்க ஜெபம் பண்றதே அப்படித்தான். படி."

அவள் சொன்னதை நம்பவில்லை. ஆனாலும் திறந்தேன். கடிதம்தான் இல்லையே, இனி யாருக்குப் பயம்? முன்னைவிட உரக்க, தோட்டக்காரர் வாய் பிளக்க வாசித்து முடித்தேன்.

எல்லோரும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்கள். "நடுவுல ஏன் நிறுத்தின?" என்றாள் துரைசானி.

"எல்லாரும் முதுகைக் காட்டினீங்க. புடிக்கலன்னு நெனச்சேன்."

அம்மா தலையில் கை வைத்தாள். துரைசானி அதைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல, சிரிப்பை அடக்கியதில் துரையின் மீசை துடித்தது; சின்னப் பெண் வாய்விட்டே சிரித்தாள்.

"அப்புறம் ஏன் படிச்ச?"

"எங்க ஆளுங்க என்னைப் பாத்துக்கினு இருந்தாங்களே. அவங்களுக்குப் படிச்சேன்."

துரைசானி சிரிக்கவில்லை. தேநீர்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுதும் மேசைக்குப் போனாள். பேனா கீறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

சமையலறையில் அம்மா அந்தக் கடிதத்தை ஈரக் கை படாமல் முந்தானையால் வாங்கிப் பார்த்தாள்.

"ரொட்டி கருகிப் போச்சு," என்றார் சமையற்காரர். "எல்லாம் உன்னாலதான், டீச்சரம்மா. நீயே துன்னு."

ஒரு துண்டு விடாமல் தின்றேன்.