நொண்டச் சொன்னவர்

மாட்டு டாக்டர் எந்த மாட்டையும் வந்தவுடன் தொடமாட்டார். கொட்டகை வாசலில் குடையை ஊன்றி நின்றுகொண்டு, "முதல் அதை நடக்க விடுங்கோ" என்பார். நாங்கள் கயிற்றை அவிழ்த்து மாட்டைப் பத்தடி நடத்திக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கைப்பையைத் திறப்பார். நான் கல்யாணமாகி மலாயாவில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த வருஷம், எங்கள் செவலைப் பசு இரண்டு நாளாகத் தீனி தின்னாமல் நின்றது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து என் வீட்டுக்காரர் ஓமத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் அது நடப்பதைப் பார்த்தார். "வயித்திலை ஒண்டும் இல்லை. பின்னங்காலைத் தூக்குங்கோ" என்றார். குளம்பின் பிளவில் துருப்பிடித்த ஆணி ஒன்று ஏறியிருந்தது. தினமும் நாங்கள் கழுவிவிடும் கால் அது. எங்கள் கண்ணில் படாதது அவர் கண்ணில் பத்தடியில் பட்டுவிட்டது. அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் கால்நடை வைத்தியம் படித்துவிட்டு உத்தியோகத்துக்காக மலாயாவுக்குக் கப்பலேறியவர். முதல் ஒன்பது வருஷம் அவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. இந்தியாவிலிருந்து வரும் மாடுகள் கப்பலிலிருந்து பலகை வழியாக இறங்கும்போது இவர் கீழே நின்று பார்ப்பாராம். நோய் இருப்பதாக அவர் விரல் நீட்டும் மாட்டைக் கரையில் விடமாட்டார்கள். அங்கேயே ஒரு மூலைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிடுவார்கள். "ஒரு நாளைக்கு இருநூறு மாடு இறங்கும், பிள்ளை. ஒண்டொண்டாத் தொட்டுப் பார்க்க எங்கை நேரம்? நடையிலைதான் பிடிக்க வேணும்" என்று ஒருமுறை சொன்னார். பிழையாக விரல் நீட்டியதே இல்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நீட்டியிருக்கலாம். சுட்ட பிறகு ஆர் பார்த்தது?" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, வருத்தப்படவுமில்லை. அந்தப் பதில் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும், டாக்டர் வேலை பார்த்த மாட்டு ஆஸ்பத்திரியின் வெள்ளைக்காரத் துரை சிறைக்குப் போனார். அவருடைய நாற்காலியில் ராணுவத்துக் குதிரை டாக்டர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பனி கொட்டும் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குதிரை வளர்க்கும் குடும்பமாம். நடக்கப் பழகும் வயதிலேயே குதிரைக் குட்டிகளோடு நடந்தவர் என்று எங்கள் டாக்டர் சொல்வார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பந்தயக் குதிரைகளின் குளம்பை அந்த அதிகாரி தன் கையாலேயே கழுவுவாராம். வண்டி மாட்டைச் சாட்டையால் அடித்த ஒருவனை பாசார் சந்தை வாசலில் நிறுத்தி, அதே சாட்டையால் அவன் முதுகு கிழியும்வரை அடித்ததை நானே பார்த்தேன். எங்கள் மூன்று மாடுகளில் இரண்டை லோரியில் ஏற்றிக்கொண்டு போனதும் அவருடைய ஆட்கள்தான். செவலை மட்டும் மிஞ்சியது. "மனுசன் எப்படியோ, தொழிலிலை கெட்டிக்காரன். நான் பத்தடியிலை பாக்கிறதை அவன் நாலடியிலை பாப்பான்" என்று டாக்டர் சொன்னபோது அவர் குரலில் மரியாதை இருந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கிய சமயம். முதலில் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். பிறகு பட்டணத்துக்கும் வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் மறுநாள் காலை திடலுக்கு வர வேண்டும், வராதவன் வீட்டுக்கு அரிசி கிடையாது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்க ஆஸ்பத்திரி டாக்டர்கள் யாரும் வரப்போவதில்லை. குதிரை டாக்டரும் அவருக்குத் துணையாக எங்கள் மாட்டு டாக்டரும்தான் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அன்று மத்தியானமே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரர மட்டும் விட்டுருங்கய்யா. இந்தப் புள்ளைக்கு வேற யாரும் இல்ல" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். வெகுநேரம் என் குழந்தையைப் பார்த்தார். "நான் சும்மா விட ஏலாது, பிள்ளை. அவன் பக்கத்திலை நிப்பான். தம்பியை நாளைக்கு நொண்டச் சொல்லுங்கோ. வலது கால். முழங்காலை மடக்கக் கூடாது, இழுத்து நடக்க வேணும். நான் இடப்பக்கம் கையைக் காட்டுவன். இடப்பக்கம் போறவை வீட்டை போகலாம்" என்றார். பிறகு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கனபேர் நொண்டினா எல்லாரும் போக வேண்டியதுதான்" என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர், நல்ல திடகாத்திரமானவர். நான் கடும் காய்ச்சலில் கிடந்தபோது என் குழந்தைக்குத் தன் பால் கொடுத்தவர் அந்த அக்கா. "டாக்டர் வீட்டுக்குத்தானே போனே? என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலக்கா. அவரு கையில ஒண்ணுமில்லையாம்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் என் வீட்டுக்காரருக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தேன். மாட்டுக் கொட்டகைக்குள் அவர் மேலும் கீழும் காலை இழுத்து நடந்தார். செவலை தலையைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்தது. எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், அன்று சாயந்திரம் நாங்கள் சிரித்தோம்.

காலையில் திடலில் நூறு பேருக்குமேல் ஆண்கள். குறுக்கே ஒரு கயிறு கட்டிப் பெண்களை அதற்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். பந்தாட்டத்துக்கு நட்ட ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அதிகாரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பக்கத்தில் பிரம்போடு நின்றார். பிரம்பு வலப்பக்கம் காட்டினால் லோரி. இடப்பக்கம் காட்டினால் வீடு. கிழவர்கள், இருமுபவர்கள், பிறவியிலேயே கால் சூம்பிய ஒருவர், இப்படிச் சிலர் இடப்பக்கம் போனார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் நிமிர்ந்து நடந்தார். பிரம்பு வலப்பக்கம் காட்டியது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் நன்றாகத்தான் நொண்டினார். பிரம்பு இடப்பக்கம் காட்டியது. இரண்டடிதான் வைத்திருப்பார், அதிகாரி கையைத் தூக்கினார். மறுபடி நடக்கச் சொன்னார். இந்த முறை நாற்காலியிலிருந்து எழுந்து பின்னாலேயே நடந்தார், பிறகு பக்கவாட்டில் நடந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒரு விடுகதைக்கு விடை கிடைத்த பையன்போல வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லி, அதை எல்லாருக்கும் தமிழில் சொல்லும்படி சைகை காட்டினார்.

டாக்டர் உரக்கச் சொன்னார்: "உண்மையா நொண்டுற எந்தப் பிராணியும் நல்ல காலை ஊண்டுற நேரம் தலையைத் தாழ்த்தும். இவன்ரை தலை ஆடேல்லை. இவன் பொய்யன்."

என் வீட்டுக்காரரை அவர் எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்றுதான் முதல்முறையாக இவன் என்றார்.

அதிகாரி அதோடு விடவில்லை. இதுபோல இன்னும் எத்தனை பேர் தப்பியிருக்கிறார்கள், நீயே கண்டுபிடி என்று அவரை ஏவினார். இடப்பக்கம் போனவர்களை மறுபடி நடக்கவிட்டார்கள். டாக்டரின் பிரம்பு மூன்று பேரை நோக்கி நீண்டது. ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அதிகாரி அவர் தோளில் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தார். புகை பிடிக்காத மனிதர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான்கு பேரையும் மண்டியிட வைத்து, எந்தக் காலை நொண்டினார்களோ அந்தக் காலிலேயே துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பிறகு லோரிக்கு நடக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நடந்தார். இப்போது ஒவ்வோர் அடிக்கும் அவர் தலை தாழ்ந்தது. அதிகாரி அதைச் சுட்டிக்காட்டி, பாடம் நடத்தும் வாத்தியார்போல, டாக்டருக்கு ஏதோ விளக்கினார். டாக்டர் தலையசைத்தார். என் குழந்தை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அப்பா, அப்பா என்று கத்தியது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டு அண்ணன் திரும்பி வந்தார். அவரை அடையாளம் தெரிய அக்காவுக்கே சிறிது நேரம் பிடித்தது. எலும்பும் தோலுமாக, இரண்டு காலிலும் புண்ணோடு என் வாசலில் வந்து நின்று, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அடிபட்ட கால் ஆறவே இல்லையாம். சீழ் பிடித்ததாம். நொண்டுகிறவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குச் சோறு இல்லை என்பது அங்கே சட்டமாம். "என் சோத்துல பாதி குடுத்துப் பாத்தேம்மா. மூணாம் மாசம் போயிட்டாரு. நான்தான் தூக்கிட்டுப் போய்ப் பொதச்சேன்" என்று சொல்லி அழுதார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அந்தக் கைகளுக்குள் நான் மரக்கட்டைபோல நின்றேன்.

அதே மாதம் செவலைக்குக் கன்று போடும் நேரம் வந்தது. விடிந்ததிலிருந்து முக்கியும் கன்று வரவில்லை. எனக்கும் என் மகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு மாடுதான். பிரிக்பீல்ட்ஸில் அதைக் காப்பாற்றத் தெரிந்த மனிதரும் ஒருவர்தான். ஆள் அனுப்பினேன். வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. மாடு எழ முடியாமல் கிடந்ததால் இந்த முறை நடக்கவிடச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மண்ணில் படுத்தார். "கண்டின்ரை தலை பின்னாலை மடங்கிக் கிடக்கு. திருப்ப வேணும்" என்றார்.

வலது கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது. அவரால் எழுந்து போக முடியாது. அப்போதுதான் கேட்டேன்.

"தலை விஷயம் உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு? காலப் பத்திச் சொன்னீங்களே, தலையப் பத்தி ஏன் சொல்லல?"

அவர் கை நின்றது. செவலை முனகியது. மறுபடி கையை நகர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தெரிஞ்சுதான் சொல்லேல்லை. தலையையும் தாழ்த்திச் சரியா நொண்டி எப்பவாவது பிடிபட்டா, அதைச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவன் நான்தான் எண்டு அவனுக்கு உடனை விளங்கும். பாதி தெரிஞ்சு நொண்டினா வெறும் பொய்யன் எண்டுதான் நினைப்பான். அவன் அசந்திருந்தா தப்பட்டும், அசராட்டி நான் தப்புறன் எண்டு நினைச்சன்."

"மத்த மூணு பேரு?"

"அவையளும் உங்களைப்போல என்னட்டை வந்தவைதான். அவையளுக்கும் பாதிதான் சொன்னனான். அண்டைக்கு நான் ஒருத்தற்றை நடையையும் பாக்கேல்லை, பிள்ளை. ஆர் நடிக்கிறது எண்டு எனக்கு முன்னமே தெரியும்."

கன்று உயிரோடு வந்தது. கிடாரி. செவலை அதை நக்கத் தொடங்கியது. அவர் கை முழுவதும் ரத்தமும் சளியுமாக மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். காறித் துப்பி விரட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன். வேலிக்கு அப்பால் அக்கா குரல் கொடுத்தார்: "மாடு பொழச்சுதா? கன்னு நல்லாருக்கா?" நல்லாருக்குக்கா என்று பதில் சொன்ன அதே வாய்தான் அன்று, ஒண்ணும் சொல்லலக்கா என்றும் சொன்னது. நான் துப்பவில்லை. வெந்நீர் எடுத்துவரப் போனேன்.

ஜப்பான்காரனோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் யார் என்று, வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்த பிறகு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் பெயரை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவரை வரவழைத்துக்கொண்டே இருந்தேன். உண்ணி கடித்தால் ஆள் அனுப்புவேன். மாடு ஒரு வேளை அசைபோடாவிட்டால் அனுப்புவேன். கொட்டும் மழையிலும் வருவார். வேண்டுமென்றே என் மகளை அவருக்கு எதிரில் உட்காரவைத்துச் சோறு ஊட்டுவேன். அவர் வேலையை முடித்துவிட்டுப் போவார். ஏழெட்டு வருஷம் இப்படி நடந்தது.

ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறும் முன்பு சொல்லிக்கொள்ள வந்தார். கொட்டகை வாசலில் நின்று, "பிள்ளை, ஒருக்கால் என்னை வாய்விட்டு ஏசிப்போடுங்கோ. நான் போயிடுறன்" என்றார். ஏசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் என்னுடைய பொய்யும் சேர்ந்து வரும் என்று பயந்தேன். அக்கா வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். நான் அவரை மன்னிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் கப்பலேறியிருப்பார். நினைக்கட்டும் என்றுதான் விட்டேன்.

இன்று பிரிக்பீல்ட்ஸில் மாடு கிடையாது. கொட்டகை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. அக்காவும் நானும் கடைசிவரை அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தோம். போன வருஷம் அவர் இறந்துபோனார். படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவர் வாயைத் திறப்பார். நான் அடுத்த கரண்டியைக் கொடுப்பேன்.