ஒரு வயல், இரண்டு விதைப்பு இயந்திரங்கள்: கூசேன்வில்லுக்கு அப்பால் ஒரு சனிக்கிழமை

2025 ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பிரான்சில் கூசேன்வில் நகருக்கு அப்பாலுள்ள கோதுமைப் பண்ணை ஒன்றுக்குச் சென்றுவந்தேன். இரண்டு விதைப்பு இயந்திரங்களை ஒரே வயலில் ஓட்டி ஒப்பிடும் நாள் அது. காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அங்கே என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியின் தம்பி ரஜீவன் அந்தப் பண்ணையில் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். அவருடைய பருவகால ஒப்பந்தம் நவம்பர் இறுதியில் முடிவதாக இருந்தது. நிரந்தர வேலை கிடைத்தால்தான் முல்லைத்தீவில் இருக்கும் மனைவியையும் மகளையும் அழைப்பதற்கு விண்ணப்பிக்கலாம். பிரெஞ்சு மொழியில் ஏதாவது சிக்கினால் உதவுவதற்காக என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

லா சப்பலில் எங்கள் வீட்டிலிருந்து கார் து நோர் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் அப்போதுதான் திறந்த கடையொன்றில், மனைவியின் கட்டளைப்படி எலுமிச்சம்பழமும் ஒரு பெட்டி கற்பூரமும் வாங்கினேன். புதிய இயந்திரத்தைத் தம்பி முதன்முதலாக ஓட்டப்போகிறார், வெறுங்கையோடு போகக்கூடாது என்பது மனைவியின் கட்சி. பயணச்சீட்டு 2.50 யூரோ. RER D ரயில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கூசேன்வில்லில் இறக்கிவிட்டது. சனிக்கிழமைகளில் இந்தப் பாதையில் திருத்த வேலை நடப்பதுண்டு. முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

நிலையத்திலிருந்து பண்ணைக்கு ஆறு கிலோமீற்றர். ரஜீவன் பண்ணையின் வான் வண்டியில் வந்திருந்தார். இரவு தூங்காத முகம்.

"புது மிசின் உழாத நிலத்திலேயே விதைக்குமாம் அத்தான். அது சரிவந்தா உழவில்லை. உழவில்லாட்டி நான் என்னத்துக்கு?"

"அப்ப அதைச் சரியா ஓட்டாமல் விடப்போறியோ?"

"சும்மா இருங்கோ. பிழையா ஓட்டிறதுக்கும் பழக்கம் வேணும்."

இருவரும் சிரித்தோம். எனினும் அவர் சொன்னது உண்மை. அன்று அவர் திறமையாக ஓட்டினால், அவருடைய வேலையையே குறைக்கக்கூடிய இயந்திரம் வெற்றி பெறும்.

பண்ணையின் உரிமையாளர் மதாம் எலென், அறுபதைக் கடந்தவர். முழங்கால் வலியால் சற்றுச் சாய்ந்து நடப்பார். வயலை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பாதியில் வைக்கோலைக் கட்டி அகற்றி, மண்ணை மேலாகக் கிளறியிருந்தார்கள். மறு பாதியில் அறுவடை இயந்திரம் நறுக்கிப் பரப்பிய வைக்கோலும், அறுத்தபின் நிற்கும் அரிதாளும் அப்படியே கிடந்தன. பண்ணையின் பழைய இயந்திரத்தில் மண்ணைக் கீறும் பற்கள். விற்பனையாளர் கொண்டுவந்த புதியதில் மண்ணை வெட்டித் திறக்கும் சுழல் தட்டுகள். இரண்டும் இரண்டு பாதிகளிலும் ஓடவேண்டும். ஒழுங்கான ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒழுங்கு குலைந்தது எங்களால்தான். நான் மதாமுடன் பேசிக்கொண்டிருந்தபோது, ரஜீவன் உழவு இயந்திரத்தின் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு, அதன் முன்னே வைக்கோலின் மேலேயே கற்பூரத்தைக் கொளுத்தினார். பனி காய்ந்துவிட்டிருந்தது. வைக்கோல் உடனே பற்றியது.

"நோன்! நோன்!" என்று மதாம் அந்தக் காலோடு ஓடினார். நான் முந்திக்கொண்டு சப்பாத்துக் காலால் மிதித்து அணைத்தேன். கருகியது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு இடம்தான். ஆனால் பிரான்சில் அரிதாளை எரிப்பது தடைசெய்யப்பட்ட செயல், பக்கத்து வயல்காரர் புகையைக் கண்டாலே தொலைபேசியை எடுப்பார். ரஜீவன் கருகிய வைக்கோலைக் காலால் ஒதுக்கினார்.

"அக்கா தந்துவிட்டவ அத்தான்... ஊரிலை செய்யிற மாதிரி... நான் யோசிக்கேல்லை. போச்சு, எல்லாம் போச்சு."

நான் மதாமுக்கு விளக்கினேன்: எங்களிடையே புதிய வாகனம் எதுவும் இப்படித்தான் புறப்படும், இது வணக்கம், வயலுக்குத் தீ வைப்பதல்ல. அவர் சக்கரத்தடியில் இருந்த பழத்தைப் பார்த்தார்.

"இது எந்த இயந்திரத்துக்கு? பழையதற்கா, புதியதற்கா?"

ரஜீவன் தானே பிரெஞ்சில் பதில் சொன்னார்: "இரண்டையும் இழுப்பது இதுதானே, மதாம்."

மதாம் சிரிக்கவில்லை. "நெருப்பென்றால் முற்றத்துச் சீமெந்தில்," என்றார். முற்றத்துக்குப் போய் மீண்டும் கொளுத்தினோம். மதாம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னர், யாரும் கேளாமலே, தொப்பியைக் கழற்றினார். அந்தக் கணத்துக்காக நான் இன்றும் அவருக்கு நன்றியுடையவன்.

இனி ஒப்பீடு. கிளறிய பாதியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. வைக்கோல் கிடந்த பாதியில் பழைய இயந்திரத்தின் பற்களிடையே வைக்கோல் சேர்ந்து குவியல் குவியலாக விழுந்தது, இருமுறை நிறுத்திச் சுத்தம் செய்தார்கள். புதியதோ வழுக்கிக்கொண்டு போனது. விற்பனையாளர் பெருவிரலை உயர்த்தினார். அப்போது ரஜீவன் நிறுத்தி இறங்கினார்.

"வடிவாத்தான் போகுது. ஆனா மேலாலை பாத்துச் சொல்லேலாது," என்று என்னிடம் முணுமுணுத்தபடி, விதை விழுந்த சால் வரியைக் கத்தியால் கிளறினார். வைக்கோல் தடித்துக் கிடந்த இடத்தில் தட்டு அதை வெட்டாமல் மண்ணுக்குள் மடித்துத் திணித்திருந்தது. விதை மண்ணைத் தொடாமல் வைக்கோலின் மேல் உட்கார்ந்திருந்தது. மதாம் குனிந்து பார்த்தார். விற்பனையாளரின் பெருவிரல் இறங்கியது.

அத்துடன் ரஜீவன் வாயை மூடியிருக்கலாம். புதிய இயந்திரம் தோற்றிருக்கும். அவரோ, "தட்டுகளுக்கு இன்னும் பாரம் கொடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று மதாமிடம் கேட்டார். ஓட்டினார். வைக்கோல் சீராகப் பரவிய இடங்களில் விதை மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் ஈரமண்ணில் இருந்தது. தடித்த இடங்களில் குறை முழுவதும் தீரவில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் முளைப்பைப் பார்க்க மீண்டும் சென்றேன். பழைய இயந்திரம் வைக்கோலைக் குவித்த இடங்களெல்லாம் வெற்றிடம். புதியது விதைத்த சால்கள், அறுவடையின்போது வைக்கோல் தடித்து விழுந்த சில கீற்றுகளைத் தவிர, பச்சைக் கோடுகளாக நின்றன. ஆக, விதைப்பு ஒக்டோபரில் தொடங்குவதில்லை. அறுவடை நாளில் வைக்கோலை எவ்வளவு சீராகப் பரப்புகிறோம் என்பதில் பாதி முடிந்துவிடுகிறது.

மதாம் வரப்பில் நின்று சொன்னார்: "புதியதை வாங்குகிறேன். உழவு வேலை குறையும்." ரஜீவன் தலையாட்டினார். வயலைப் பார்த்தபடியே மதாம் தொடர்ந்தார்: "இத்தனை வருடங்கள் விதைப்பையும் அறுவடையையும் நானே ஓட்டினேன். அன்று முதன்முறையாக வேறொருவர் ஓட்டப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் இனி இயந்திரத்தில் ஏறவிடாது. விதைப்பு, அறுவடை இரண்டையும் நீங்களே பாருங்கள். ஒப்பந்தத்தை நிரந்தரமாக எழுதுவோம்."

ரஜீவன் என் பக்கம் திரும்பினார். "அத்தான், அவ சொன்னது எனக்கு விளங்கினதுதானே? சரியாத்தானே விளங்கினது?"

"ஓம். சரியாத்தான்."

அவர் வயலைவிட்டுச் சற்றுத் தள்ளிப்போய் முல்லைத்தீவுக்கு அழைப்பெடுத்தார். அவர் குரல் உடைவது எங்களுக்குக் கேட்டது. மதாமும் நானும் கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். இத்தகைய செயல்விளக்க நாள்கள் ஒக்டோபரில் நடைபெறும். பண்ணைக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செல்லுங்கள். முழங்கால்வரை வரும் இறப்பர் சப்பாத்து அவசியம். இயந்திரம் கடந்ததும் மேலாகப் பார்த்து முடிவு செய்யாமல், அனுமதி கேட்டு ஒரு கத்தியால் சால் வரியைத் திறந்து பாருங்கள். எலுமிச்சம்பழம் தாராளமாகக் கொண்டுபோகலாம். கற்பூரத்தை முற்றத்துச் சீமெந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.