சாக்கடையில் கொட்டிய கேக்

எங்கள் தெருச் சங்கச் செயலாளர் அண்ணாச்சி சொன்னது பொய். அதை நம்பி நான் செய்தது அதைவிடக் கேவலம்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில், மில்லுக்குப் புது இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒரு வருஷம் குடும்பத்தோடு இருந்தார். தீபாவளிக்குத் தெருவே அவர்களுக்குப் பலகாரம் கொடுத்தது. கிறிஸ்துமஸ் அன்று காலையில் அவர் மனைவி, ஏழு வயது மகளோடு வீடு வீடாகக் கேக் கொண்டுவந்தாள். நாங்கள் சைவம். இருந்தும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர்கள் தலை மறைந்ததும் அண்ணாச்சி வந்தார்.

“முட்டை போடாம கேக்கு உண்டாம்மா? அவிய உடைச்சு ஊத்துனதை என் கண்ணால பார்த்தேன். வீட்டுக்குள்ள வைக்கப் போறியளா?”

அப்படியே புறவாசல் சாக்கடையில் கொட்டினேன். தட்டை வாங்க வந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டது.

“இனிப்பு காணலையா அத்தை?” என்று, இனிப்புப் போதவில்லையோ என எங்கள் பேச்சிலேயே கேட்டது. நான் தட்டைக் கழுவி அதன் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் பால்காரி சொன்னாள்: “உங்களுக்கு முட்டை ஆகாதுல்லா, அதான் தயிர் ஊத்திச் செய்யுதேன்னு நாலு நாளா எங்கிட்ட வாங்கிட்டுப் போச்சு அந்தம்மா. மூணு தடவை கருகிப்போச்சாம்.”

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அறையை விட்டு வரவில்லை. ஊருக்குப் போகும்வரை என்னோடு பேசவும் இல்லை.

இப்போது யார் எதைக் கொடுத்தாலும், என்ன சேர்த்தது என்று கொடுத்தவரிடமே கேட்கிறேன். ஆகாதென்றால் வாங்குவதில்லை. வாங்கிவிட்டு எறிவதில்லை.

அண்ணாச்சி, நீங்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தான். அந்த வீட்டில் முட்டையை எப்போது பார்த்தீர்கள்? இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.