இரண்டு பிறந்த தேதி

செண்பகவல்லி டீச்சரை நான் முதலில் பார்த்தது மும்பை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், அகதிகளுக்கு உதவும் ஒரு டிரஸ்டுக்காகப் படிவம் நிரப்பப் போன ஒரு புதன்கிழமை. டீச்சர் பக்கத்தில் காபூலிலிருந்து அகதியாக வந்த ஷைஸ்தா, அவளை ஒட்டி எட்டு வயது மகள் அஃப்ஷா. மூவருக்கும் முகத்தில் ரத்தமே இல்லை.

தாராவியில் தமிழர் நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவர். மே விடுமுறையில் அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தும் அதே டிரஸ்டில் ஒரு மாத வேலை. ஷைஸ்தாவுக்கு ஆண்டாப் ஹில்லில் ரூம் பிடித்துக் கொடுத்தார். பிள்ளையைத் தன் பள்ளியிலேயே சேர்த்தார். வினை அங்கேதான் முளைத்தது.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு ஜூன் ஒன்று என்று எழுதுவது அந்தப் பள்ளியின் பழைய வழக்கம். வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்! "மல்பெரி பழுக்கிற காலத்தில் பிறந்தாள்" என்று ஷைஸ்தா சொன்னதும், டீச்சரின் கை தானாக ஜூன் ஒன்று போட்டுவிட்டது. அகதி அட்டையைப் பார்க்கவில்லை. அதில் ஜனவரி ஒன்று. அதுவும் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான். ஆனால் அதிகாரி நம்புவது அதைத்தான். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பள்ளிச் சான்றிதழோ ஜூன் ஒன்று என்றது.

"தேதி ரெண்டுன்னா பிள்ளையும் ரெண்டா? இவள் உன் மகள்தானா?" என்று கேட்டார் அதிகாரி. ஷைஸ்தா மகளின் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை.

தங்கும் அனுமதி வெள்ளியோடு முடிகிறது. புதுச் சீட்டு வராவிட்டால் சனிக்கிழமை ரூமைப் பூட்டிவிடுவேன் என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். தேதி மாறியது எப்படி என்று எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார் அதிகாரி.

டீச்சர் தலைமையாசிரியர் ஆறுமுகநயினாரிடம் ஓடினார்.

"என்ன டீச்சர், விளையாடுதியளா? நாமளா தேதி போட்டோம்னு எழுதிக் குடுத்தா, மத்த பிள்ளைக தேதியெல்லாம் தோண்ட மாட்டானா?"

"அதுக்கு அந்தப் புள்ளைய என்ன சார் செய்ய?"

"கிளார்க் தப்புன்னு எழுதுங்க. நம்பிராஜன் ரிட்டயராகி ஊருக்குப் போயிட்டாம்லா. சண்டைக்கு வரவா போறான்?"

"ஃபாரத்துல இருக்கது என் கையெழுத்துல்லா சார்."

"அப்ப உங்க பாடு. ஜூன்ல உங்க வேலை பெர்மனென்ட் ஆகணும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும்."

வியாழக்கிழமை டீச்சர் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்: அட்டையைப் பார்க்காமல் தேதி போட்டது நான், தாய் மீது தவறில்லை. அதிகாரி இரண்டு தடவை படித்தார். "நீங்களா எப்படிப் போடலாம்?"

"பழக்கம் சார். கேட்டிருக்கணும், கேக்கலை."

ஃபைல் உள்ளே போனது. ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. "மேடம், ஓடிப் போயிடலாமா?" என்று ஷைஸ்தா இந்தியில் கிசுகிசுத்தாள்.

"எழுந்தா சந்தேகம்தான். உக்காரு." என்றார் டீச்சர்.

"நாளைக்கு வாங்க" என்றார்கள். அந்த ராத்திரி ஷைஸ்தா சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, ஜன்னல் மூடப் போகிற நேரத்தில், ஒரு வருடத்துக்கு முத்திரை விழுந்தது. ஷைஸ்தா அழவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அஃப்ஷா இப்போது நாலாம் வகுப்பு. ஷைஸ்தா மாஹிமில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். டீச்சருக்குப் பள்ளி மெமோ கொடுத்தது, வேலையை நிரந்தரமாக்கவில்லை. அவர் இப்போது செம்பூரில் வேறொரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார்.