மீட்டர் அளந்த பால்

பால் சேகரிப்பு நிலையத்தில் அவளுக்கு மீட்டர் என்றுதான் பெயர். பால் கொண்டுவருகிறவர்கள் வைத்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேனோடு வரிசையில் நிற்பார்கள். இவள் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு சின்னக் கிண்ணம் மொண்டு மெஷினின் குழாய்க்குக் கீழே வைப்பாள். மெஷின் கொஞ்சம் முனகிவிட்டு ஃபேட் என்கிற கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு, எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று திரையில் காட்டும். எண் சரியில்லையென்றால் கேன் வந்த வழியே திரும்பும்.

"மீட்டர், மாடு நேத்து நெறைய தண்ணி குடிச்சிருச்சு, அதான்" என்பார் ஒருவர்.

"அது குடிக்கட்டும். நீங்க குடிக்க வேண்டியத ஏன் கேன்ல ஊத்துறீங்க?"

வரிசை சிரிக்கும். கோபித்துக்கொண்டு கத்துகிறவர்களிடம் அவளுக்கு ஒரே பதில்தான்: "நான் சொல்லலங்க, மெஷின் சொல்லுது." வேன் ஓட்டும் கணவன் கூட, "எங்க வீட்ல ரெண்டு மீட்டர். ஒண்ணு கரண்டுக்கு, ஒண்ணு எனக்கு" என்று டீக்கடையில் சொல்லித் திரிவான்.

இனிமேல் அவளுக்குக் குழந்தை பிறக்காது என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு பிறந்தது அது. பெண். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது கணவனின் அக்கா வந்து வீட்டோடு தங்கினாள். நிலையத்துக்குப் பின்தெருவில்தான் வீடு. காலை வரிசை ஓய்ந்ததும் மீட்டர் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். தாய்ப்பாலை மட்டும் விடக்கூடாது என்பதில் அவள் உடும்புப்பிடியாக இருந்தாள். தன்னால் அந்தக் குழந்தைக்குக் கொடுக்க முடிந்தது வேறொன்றும் பெரிதாக இல்லை என்பது அவள் எண்ணம்.

தடுப்பூசிக்குப் போன அன்று நர்ஸ் எடை பார்த்தாள். "கொஞ்சம் மெதுவாத்தான் ஏறுது. பயப்பட ஒண்ணும் இல்ல. பாலை நிறுத்திடாதீங்க" என்றாள். மீட்டரின் காதில் முதல் வாக்கியம் மட்டும் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள், "நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். வாயோரம் வழியுறது நீலம் பாரிச்ச மாதிரி இருக்கு. வெறும் தண்ணி."

"அப்படியெல்லாம் இருக்காது அண்ணி."

"உனக்குத் தெரியாததா? ஊரான் பாலையெல்லாம் நீதானே பாக்குற."

கெட்ட எண்ணத்தில் சொன்ன சொல் இல்லை. ஆனால் மறுநாள் வேலை முழுவதும் அது அவள் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிக் கேனும் போனது. மார்பு கனத்துக் கல்லாகியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, கழுவி வைத்த கிண்ணத்தில் கொஞ்சம் பீய்ச்சினாள். குழாய்க்குக் கீழே வைத்தாள். மெஷின் வழக்கம்போல முனகியது.

வழக்கமாகக் கேன் பாலுக்குக் காட்டும் ஃபேட்டில் பாதிகூட இல்லை. தண்ணீர் கலப்பு என்ற இடத்தில் பெரிய எண் ஒன்று நின்றது. குழாயைக் கழுவி மறுபடி வைத்தாள். அதேதான். யாராவது கேனில் கொண்டுவந்திருந்தால் பேச்சே இல்லாமல் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அன்று மாலை பால் பவுடர் டப்பா ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள்.

"எதுக்கு இது?" என்றான் கணவன்.

"என் பால்ல சத்து இல்ல."

"யாரு சொன்னா?"

"மெஷின்ல வெச்சுப் பாத்தேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அதுக்கு என்ன தெரியும் உன்னப் பத்தி?"

"இத்தன வருஷமா அது சொன்னதத்தானே ஊருக்கே சொல்றேன். எனக்குன்னு வந்தா மட்டும் பொய்யாயிடுமா?"

வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

அவள் வேளை தவறாமல் சாப்பிட்டாள். பிடிக்காததையெல்லாம் மென்று விழுங்கினாள். தினமும் அதே நேரத்தில், அதே கனத்த மார்போடு, அதே கிண்ணத்தில் பிடித்து வைத்துப் பார்த்தாள். எண் அசையவில்லை. முதலில் ஒரு வேளை பாட்டில் என்று ஆரம்பித்தது, போகப் போக இரண்டு வேளை ஆனது. உறிஞ்சாமலே வரும் பாட்டிலின் ருசியைக் குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பியது. குடிக்காத பால் ஊறாமல் போனது. ஒருநாள் வேலை முடியும் நேரத்தில் மார்பு கனக்கவே இல்லை. அன்றுதான் அவள் கிண்ணத்தை எடுக்காமல் விட்டாள்.

பிறகு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பாட்டிலைக் கொதிக்க வைத்தார்கள், பவுடரை மாற்றினார்கள். நிற்பது போல நின்று திரும்ப வந்தது. ஏறியிருந்த எடையும் இறங்கியது. மருத்துவமனையில் அதே நர்ஸ்தான் இருந்தாள்.

"தாய்ப்பால் குடுக்கலையா?"

"அதுல சத்து இல்லைங்க" என்று மீட்டர் நடந்ததைச் சொன்னாள்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த மெஷின் எதுக்குச் செஞ்சது?"

"பசும்பாலுக்கு."

"பின்ன? கன்னுக்குட்டி பொறந்த அன்னிக்கே எழுந்து நடக்கணும். அதனால பசும்பால்ல புரதம் ஜாஸ்தி. நம்ம பால்ல அதுல மூணுல ஒரு பங்குதான் இருக்கும். நம்ம புள்ளைக்கு என்னம்மா அவசரம்? அதுக்கு மூளை வளரணும், அதனால இனிப்புச் சத்து பசும்பாலவிட அதிகம். உங்க மெஷின் பாவம், மனுஷிய அதுக்குத் தெரியாது. மாடுன்னு நெனச்சுக் கணக்குப் போட்டிருக்கு."

"ஃபேட்டும் கம்மியாத்தான் காட்டுச்சு."

"எப்ப எடுத்தீங்க? மார்பு நெறஞ்சு இருக்கும்போதா? முதல்ல வர்றது அப்படித்தான் மெலிசா வரும். குடிக்கக் குடிக்க, கடைசிலதான் கொழுப்பு வரும்."

மீட்டர் கண் கொட்டாமல் நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில கறவைக்காரர்கள் கெட்டியான கடைசிப் பாலை வீட்டுக்கு வைத்துக்கொண்டு முதல் பாலை மட்டும் நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். ஃபேட் குறைவதை வைத்தே அந்தத் திருட்டை எத்தனையோ முறை பிடித்து, வரிசைக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறாள். மாட்டுக்கு உள்ளது தனக்கும் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"எனக்குத் தெரியுங்க இது" என்றாள்.

பாட்டிலுக்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் மார்பில் போடச் சொன்னாள் நர்ஸ். சிலருக்குத் திரும்ப ஊறும் என்றாள், எல்லாருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான். மீட்டர் சம்பளமில்லா விடுப்புப் போட்டாள். அக்கா அதன் பிறகு பாலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாட்டிலை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சில நாள் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ஒட்டும். அதற்கு மேல் வரவில்லை. மருத்துவமனைத் தராசில் எண் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் ஒருநாள் நர்ஸே சொல்லிவிட்டாள், "போதும்மா. புள்ளையையும் அழ வெச்சு, உங்களையும் வருத்திக்காதீங்க."

அன்றும் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மார்பில் வைத்தாள். அது இரண்டு முறை உறிஞ்சியது. ஒன்றும் வராததால் வாயை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு அழ ஆரம்பித்தது. கணவன் பாட்டிலோடு வாசற்படியில் நின்றான்.

"குடுத்துடட்டுமா?"

"கொஞ்சம் இருங்க."

மறுபக்கம் மாற்றிப் பார்த்தாள். அழுகை ஏறியது. உடம்பெல்லாம் சிவந்து, கால் உதறி, விக்கியது.

"குடுங்க" என்று கையை நீட்டினாள்.

ரப்பரைப் பிடித்ததும் குழந்தை அமைதியானது. கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தது. மீட்டர் ஒரு கையால் பாட்டிலைப் பிடித்தபடி இன்னொரு கையால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். கடைசிப் பொத்தான் மட்டும் ஒரு கைக்கு வசப்படவில்லை. அவன் குனிந்து போட்டுவிட்டான்.