வரைந்தவருக்கு ஒரு குப்பி தேன்

இல்லாத ஓர் ஓவியரின் பெயரைச் சொல்லி ஒரு தேன் வியாபாரியை மிரட்டினேன். வக்கீல் தொழிலை விட்டு ஓய்ந்த பிறகு நான் செய்த காரியம் அது.

என் மகள் நாகர்கோவிலில் தொடங்கிய தேன் ஸ்டார்ட்அப்புக்கு லேபிள் படத்தை ஏஐதான் போட்டுக் கொடுத்தது. மார்த்தாண்டத்து வியாபாரி ஒருவர் அதே படத்தைத் தன் குப்பிகளில் ஒட்டி விற்றார். இயந்திரம் வரைந்ததற்கு நாங்கள் உரிமை கோர முடியுமா என்பதே சந்தேகம். அதனால், எங்கள் ஓவியர் கையால் வரைந்தது என்று எழுதி நோட்டீஸ் அனுப்பினேன்.

வியாபாரி நேரில் வந்தார். கறுத்து ஒடுங்கிய மனிதர். எந்தக் காகிதத்தையும் தொடும்முன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லா லேபிளையும் கிழிச்சிட்டேன் சாரே. நெட்டுல சும்மா கிடக்க படமுன்னு நெனச்சேன். ஒரு ஆளு உக்காந்து வரைஞ்சதுன்னு தெரியாது. இத அவருக்க கையில குடுக்கணும்."

மேசையில் ஒரு குப்பி தேனை வைத்தார். வாங்கிக்கொண்டேன். அந்தத் தேன் தீரும்வரை எனக்குச் சரியான உறக்கமில்லை. தீர்ந்த பிறகும் இல்லை.

கடைசியில் அவர் கடைக்கே போய் உண்மையைச் சொன்னேன். அதே லேபிளைத் திரும்ப அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் துவர்த்தில் கையைத் துடைத்தார். அங்கே தொடுவதற்குக் காகிதம் எதுவும் இல்லை.

"அப்போ அந்தத் தேன யாரு சாரே குடிச்சா?"

"நான்தான்."

"நல்லா இருந்துதா?"

அவர் முகத்தில் கேலியைத் தேடினேன். இருந்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.